மிஸ்டர் ஆவதற்கு இன்னும் இரண்டு வருடம்

ஜேர்மனியில் நான் சத்திரசிகிச்சை நிபுணராக இருந்த ஊரை ஒரு மணித்தியாலத்தில் நடந்து முடித்துவிடலாம். குடல்வால், பித்தப்பை, பனியில் வழுக்கி உடைந்த மணிக்கட்டு, எல்லாவற்றுக்கும் நாங்கள் மூன்று பேர்தான். சனிக்கிழமை பேக்கரி வரிசையில் யாராவது சட்டையைத் தூக்கித் தழும்பைக் காட்டுவார்கள். நானும் பாண் பையோடு குனிந்து பார்ப்பேன்.

அப்பா அந்த நாட்டுக்கு அகதியாக வந்து, உணவகத்தில் கோப்பை கழுவி என்னைப் படிப்பித்தவர். பள்ளிக்கூடம் போகாதவர். அழைப்புமணிப் பலகையில் இருந்த என் பெயரையும் அதற்கு முன்னால் நின்ற ‘டொக்டர்’ எழுத்துகளையும் மட்டும் படம்போல மனதில் வைத்திருந்தார்.

பிறகு எங்கள் பிரிவையே மூடிவிட்டார்கள். மனைவியின் ஆட்கள் மெல்பேர்னை ஒட்டிய வெரிபீயில் இருந்ததால் அப்பாவையும் கூட்டிக்கொண்டு இங்கே வந்தோம். ஜேர்மன் அனுபவம் செல்லுமா என்று ஒரு குழு முடிவெடுக்கும்வரை நான் வெறும் உதவியாளன். இன்னொருவர் ஒப்பரேசன் செய்ய, வயிற்றை விரித்துப் பிடிக்கும் கொக்கியோடு நிற்பேன். அடுத்தது என்ன என்று என் விரல்களுக்குத் தெரியும். வாய் திறப்பதில்லை. திரும்பும் ரயிலில் தோள்மூட்டு வலிக்கும்.

மெல்பேர்னில் ஒரு பழக்கம் உண்டு. முழுத் தகுதி பெற்ற சத்திரசிகிச்சை நிபுணரை டொக்டர் என்பதில்லை, மிஸ்டர் என்பார்கள். டொக்டர் என்றால் இன்னும் அங்கே போய்ச் சேராதவர். தாதி என்னை ‘டொக்டர்’ என்று கூப்பிடும்போதெல்லாம் அது நினைவுக்கு வரும்.

ஒருநாள் கண் பரிசோதனைக்கு அப்பாவை நான் வேலைசெய்யும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். எங்கள் பிரிவின் பெயர்ப் பலகையை விரலால் தடவிப் பார்த்தார். கடைசி வரியில் என் பெயர்.

“உன்ர பேரிலை மட்டுந்தான் டொக்டர் கிடக்கு. மற்றவங்கள் ஒருத்தரும் படிக்கேல்லையோ?”

“அவங்கள்தான் அப்பா பெரியாக்கள்.”

“சும்மா போடா. பெரியாக்களெண்டால் போட்டிருப்பாங்கள்தானே.”

விளக்கிச் சொல்ல எனக்குத் தென்பில்லை.

போன மாதம் குழுவின் கடிதம் வந்தது. இன்னும் இரண்டு வருடம் மேற்பார்வையில் வேலை, அதன்பின் சோதனை. சம்மதமானால் படிவத்தை நிரப்பி அனுப்ப வேண்டும். குசினிக் கதிரையில் இருந்து அதைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். அப்பா என் முகத்தைப் பார்த்தார்.

“என்னடா, டொக்டரை எடுத்துப்போட்டாங்களோ?”

“இல்லையப்பா, அது இருக்கு. மிஸ்டரைத்தான் தரமாட்டாங்களாம்.”

அன்றுதான் அந்தப் பழக்கத்தை முழுதாகச் சொன்னேன். 

“பென்ஷன் கந்தோரிலை என்னையும் மிஸ்டர் எண்டுதானே கூப்பிடுறாங்கள். நான் ஒரு சோதனையும் எழுதேல்லையே!”

சிரித்துவிட்டேன். நிறுத்தக் கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு பேனையை எடுத்தேன். படிவத்தின் முதல் கேள்வியே பெயருக்கு முன்னால் என்ன போடுவது என்பதுதான். மிஸ்டர், டொக்டர் இரண்டு பெட்டிகளும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. டொக்டரில் சரி போட்டேன்.

அப்பா எட்டிப் பார்த்து, “ஓம், அதுதான்” என்றார்.