மயில்மேல் இருப்பவர் பெயர்

புகைக்கொட்டகையில் காய்ந்த ரப்பர் தாள், வெயில் ஏறினால் தோலோடு ஒட்டிக்கொண்டு, பிய்க்கும்போது ரோமத்தையும் சேர்த்து எடுக்கும். புக்கிட் செலம்பாவ் பக்கம், பழைய ரப்பர் தோட்டத்தில் வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுச்சென்ற ஆயாக் கொட்டகையில் தொண்டர்கள் ஞாயிறுதோறும் திறந்துவைக்கும் அருங்காட்சியகத்தில், அப்படி ஒரு தாள் "ஜப்பான்காலச் சேலை" என்ற அட்டையோடு தொங்குகிறது. அட்டை எழுதியவர் அதைக் கட்டிப் பார்த்ததில்லை. துணி கிடைக்காத அக்காலத்தில் என் அம்மா இடுப்பில் சுற்றியிருந்தது அதுதான். அதனால்தான் தோட்டத்துக் கணக்கரான பெரிய கிராணி, அரிசிப் பங்கீட்டுக்குப் பெயர் எழுத, தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்கு வந்தபோது, அம்மா கதவுக்குப் பின்னால் நின்றே பதில் சொன்னார்.

"உம் புருசன் பேரு என்னா?"

புருசன் பெயரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்பது பெரியவர்கள் வாக்கு. "மயிலுமேல ஒக்காந்திருக்கிற சாமி பேருங்க," என்றார் அம்மா.

"சாமிக்கெல்லாம் அரிசி கெடையாது. முருகன்தானே?" என்று எழுதிக்கொண்டு கிராணி அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்.

அப்பாவின் பெயர் ஆறுமுகம். எழுதியதை வாசித்துக் காட்டி ஒப்புதல் பெற வேண்டும் என்பது பதிவின் முதல் விதி. பிற்காலத்தில் பதிவு அலுவலகத்தில் முப்பது ஆண்டுகள் நான் பிறருக்குப் போதித்த அவ்விதியைக் கிராணி மீறியதால்தான் எனக்கு அப்பா மிஞ்சினார்.

அரிசிக்கு என்று எழுதிய பட்டியல், ஜப்பான்காரர்கள் சயாம் ரயில் பாதைக்கு ஆள் பிடிக்கும் பட்டியலாக மாறியது. மறுவாரம் "பெரட்டு" எனும் காலை ஆள்கணக்கில், லாரி உறுமிக்கொண்டிருக்க, "முருகன்" என்று மூன்று முறை கூப்பிட்டார்கள். அப்பா அசையவில்லை. மாட்டுக்கொட்டகையில் ஒண்டிக்கொண்டு, எந்தக் கணக்கிலும் வராதிருந்த ஓர் ஆள், "நாந்தாங்க முருகன்" என்று பின்வரிசையிலிருந்து போய் ஏறிக்கொண்டார். திரும்பி வரவில்லை.

அன்று மாலை அம்மா வாசலில் நின்று, லயம் முழுக்கக் கேட்கும்படி, "ஆறுமுகம், சாப்பிட வாங்க" என்றார்.

"என்னாடி, வெக்கமில்ல?" என்று பக்கத்து வீட்டு அக்கா சிரித்தார்.

"பேரச் சொல்லாததுக்கு ஒருத்தன் போய்ட்டான். போதும்," என்றார் அம்மா. சாகும்வரை பெயர் சொல்லித்தான் அப்பாவைக் கூப்பிட்டார்.

இப்போது லயமும் இல்லை, பெரட்டும் இல்லை. மாட்டுக்கொட்டகை இருந்த இடத்தில் வரிசை வீட்டுக்காரர்கள் கார் நிறுத்துகிறார்கள். அருங்காட்சியகத்தில் சயாம் போனவர்களின் பெயர்ப் பலகையைப் புதிதாக எழுதப்போகிறார்கள். பழைய பலகையில் முருகனுக்கு எதிரே "விவரம் இல்லை" என்றிருந்தது.

"சொந்தக்காரங்க யாராச்சும் பாரம் நெரப்பிப் போட்டாத்தான் பேரு வரும், அங்கிள். இல்லாட்டி எடுத்துருவோம்லா," என்றாள் தொண்டர் வசந்தா.

பொய்த் தகவலுக்கு என்ன தண்டனை என்பது எனக்கு மனப்பாடம். பாரத்தை வாங்கி, உறவுமுறை என்ற கட்டத்தில் "மகன்" என்று எழுதிக் கையொப்பமிட்டேன்.