மழையால் தள்ளிப்போன ஆட்டம்

போன வருடம், 2009 ஜூலையில், இதே ஜெபக்கூட்டத்தில் எழுந்து நின்று ஒரு சாட்சி சொன்னேன். "மழையை அனுப்பி ஆண்டவர் என் ஜெபத்தைக் கேட்டார்" என்றேன். நீங்களும் அல்லேலூயா சொன்னீர்கள். மழை வந்தது உண்மை. ஆனால் நான் மறைத்தது அதைவிடப் பெரியது. அதை இன்று சொல்லி முடிக்கிறேன்.

அப்போது என் எஸ்தருக்கு எட்டு மாதம். அவளைத் தாமுவேயில் மாமியாரிடம் விட்டுவிட்டு, ஒரு பர்மியக் கால்பந்துக் குழுவில் இங்கிலீஷ் மொழிபெயர்ப்பாளராக வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். வாசலைத் தாண்டிய பிறகும் அடுப்பை அணைத்தேனா என்று திரும்பி வந்து பார்க்கிறவள் நான். என்னை நம்பித்தான் ரெமியை ஒப்படைத்திருந்தார்கள்.

ரெமிக்கு இருபது வயது. செஷல்ஸ் தீவிலிருந்து வந்தவன். அவன் ஊர் மைதானம் கடலை ஒட்டி இருக்கிறதாம். பந்து தண்ணீரில் விழுந்தால் ஆட்டம் நின்றுவிடும், நீந்திப் போய் எடுத்து வருவது இவன் வேலை. "அந்த நேரத்துல மத்தவங்க உக்காந்து இளைப்பாறுவாங்க, சிஸ்டர். எனக்கு மட்டும் ரெஸ்டே கிடையாது" என்று சிரிப்பான். வெளிநாட்டில் ஆட அந்த ஊரிலிருந்து புறப்பட்ட முதல் ஆள் அவன்தான்.

ஜூலையில் அவன் வலது காலில் வலி வந்தது. எக்ஸ்ரே எடுத்தார்கள். புதன்கிழமை முடிவை வாங்க மேலாளர் ஊ மியாவும் நானும் மட்டும் போனோம். முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் மெல்லிய விரிசல் என்றார் டாக்டர். ஆறு வாரம் ஓடக் கூடாது. மீறி ஓடினால் எலும்பு முறியும், பிறகு அவன் ஆட்டக்காரனாக இருக்க மாட்டான். சனிக்கிழமை அரையிறுதி.

திரும்பும் வழியில் காரில் ஊ மியா சொன்னார்: "மா கிரேஸ், அவன்கிட்ட சும்மா வீக்கம்னு சொல்லிடு. ஆட்டத்துக்கு முன்னால ஒரு ஊசி போட்டா வலி தெரியாது."

"சயா, டாக்டர் வந்து..." என்று மரியாதையாக இழுத்தேன்.

"டாக்டரா வந்து கோல் போடப் போறாரு? அந்தப் பேப்பர் உன்கிட்டயே இருக்கட்டும்."

சொன்னேன். வீக்கம் என்றுதான் சொன்னேன். வேலை போய்விடுமோ என்ற பயம் பாதிக் காரணம். மீதி, நமக்கெல்லாம் பழகிப்போன, பர்மியர் சொல்லும் அந்த ஆனாடே. பெரியவர் மனம் சங்கடப்படுமே என்று தன் வாயைத் தானே அடைத்துக்கொள்வது. ரெமி என் இரண்டு கைகளையும் பிடித்துக் குலுக்கினான். அன்று மாலை இன்டர்நெட் கடையில் அவன் அம்மா எழுதியதைத் திரையில் காட்டினான்: "அந்த சிஸ்டருக்கு நன்றி சொல். அவள் உன்னோடு இருப்பதால்தான் நான் தூங்குகிறேன்."

டாக்டரின் தாள் என் வேதாகமத்துக்குள் இருந்தது. இரண்டு நாள் அதைத் திறக்கவே முடியவில்லை. "ஆண்டவரே, இந்த ஆட்டம் நடக்காமல் பண்ணும்" என்று அழுதேன். வெள்ளிக்கிழமை பிடித்த மழை விடவில்லை. மைதானத்தில் முழங்கால் அளவு தண்ணீர். ஆட்டம் திங்கட்கிழமைக்குத் தள்ளிப்போனது. ஞாயிற்றுக்கிழமை இங்கே வந்து சாட்சி சொன்னேன்.

முழு விஷயத்தையும் நான் சொல்லியிருந்தது தோசைக்கடை ஸ்டெல்லா அக்கா ஒருவரிடம்தான். கூட்டம் முடிந்ததும் வாசலில் என்னை நிறுத்தினார்.

"மழை நல்லாத்தான் பேஞ்சுது. அவன் எலும்பு ஒட்டிக்கிச்சா?"

"இல்லக்கா, ரெண்டு நாள் தள்ளி வச்சிருக்காங்க..."

"அப்ப நாளைக்கு என்ன கேக்கப் போற? பூகம்பமா? ஏண்டி, பொய்யை மட்டும் இங்கிலீஷ்ல அழகா சொன்னியே. உண்மைய சொல்ல இங்கிலீஷ் வராதா?"

எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்தோடேயே வீட்டில் எஸ்தரைக் குளிப்பாட்டினேன். அவள் தொட்டித் தண்ணீரை உதைத்து உதைத்துச் சிரித்தாள். அந்தக் குட்டிக் காலைக் கையில் பிடித்தேன். இந்தக் காலுக்கு ஒருத்தி இப்படிச் செய்தால் நான் அவளை மன்னிப்பேனா? ஈரக் கையோடு அங்கேயே ஜெபித்தேன். "ஆட்டத்தை நிறுத்த வேண்டாம், ஆண்டவரே. என் வாயைத் திறந்தருளும்."

தைரியம் வந்துவிடவில்லை. திங்கட்கிழமை பஸ்ஸில், இறங்கித் திரும்பிவிடலாமா என்று இரண்டு முறை எழுந்தேன், இரண்டு முறையும் உட்கார்ந்தேன். உடை மாற்றும் அறையில் ஊசி தயாராக இருந்தது. ரெமி பூட்ஸ் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தான். தாளை அவன் கையில் கொடுத்தேன்.

"ரெமி, அன்னிக்கு நான் சொன்னது பொய். இதுதான் உண்மை."

இரண்டு முறை படித்தான். "நீங்களா, சிஸ்டர்?" என்றான். கட்டிய கயிற்றை அவிழ்த்தான்.

"அவர்கிட்ட சொல்லுங்க. இன்னிக்கு நான் ஆட மாட்டேன். ஆறு வாரம் கழிச்சு ஆடுவேன். ஊருக்கு அனுப்பறதுன்னா அனுப்பட்டும், முழுக் காலோட போறேன்."

"என்ன சொல்றான்? பார்த்துப் பக்குவமா சொல்லு, மா கிரேஸ்" என்றார் ஊ மியா.

"பக்குவமா சொல்ல மாட்டேன், சயா. அவன் சொன்னபடியே சொல்றேன்."

சொன்னேன். ஒரு வார்த்தையும் குறைக்கவில்லை. அன்பானவர்களே, என் ஜெபம் கேட்கப்பட்டது அந்த நிமிடத்தில்தான்.

அன்று எங்கள் குழு தோற்றது. நாளையிலிருந்து வர வேண்டாம் என்று எனக்குச் சொல்லிவிட்டார்கள். ரெமியை அனுப்பவில்லை. மற்ற ஆட்டக்காரர்கள் அந்தத் தாளைக் கைக்குக் கை வாங்கிப் பார்த்திருந்தார்கள், அதற்குப் பிறகு அவனைப் போகச் சொல்ல யாருக்கும் முகமில்லை. மூன்று வாரம் அவன் என்னோடு பேசவில்லை. அதை நான் ஏற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. ஒரு மாலை அவனாகவே வீட்டுக்கு வந்தான். "அம்மாகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன். அவங்க ரெண்டு நாள் தூங்கல. இப்ப தூங்குறாங்க" என்றான்.

செப்டம்பரில் அவன் மறுபடி மைதானத்தில் இறங்கினான். கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் எஸ்தரை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றேன். அவன் கோல் போடவில்லை. தொண்ணூறு நிமிடமும் ஓடினான். இந்த வருடம் அவனுடைய நாட்டு அணியும் அவனைக் கூப்பிட்டிருக்கிறது.

நான் இப்போது வீட்டிலேயே பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லிக் கொடுக்கிறேன். அடுப்பை இன்னமும் திரும்பி வந்து பார்க்கிறேன். ஆனால் ஒருவர் சொன்னதை இன்னொருவருக்குச் சொல்லும்போது எதையும் மறைப்பதில்லை. என்னைத் தள்ளிவிடாமல் இன்னும் இரண்டு நாள் கொடுத்த ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்.

உங்களில் யாருக்காவது சொல்ல வேண்டிய வார்த்தை ஒன்று தொண்டையில் நின்றுகொண்டிருக்கிறதா? மழை கேட்காதீர்கள். வாயைத் திறக்கும்படி கேளுங்கள். அவர் திறப்பார்.