பிற்பகல் ஆட்டக்காரர்கள்

எழுதிப் பழக்கமில்லாதவள் நான். பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டது. முன்பின்னாகச் சொன்னால் பொறுத்துக்கொள்ளுங்கள். பல விஷயங்கள் மறந்தும் போயின.

எழுபதுகளில் நாங்கள் ஜெர்மனியில் ஹம் நகரில் இருந்தோம். என் கணவருக்கு ஒரு பௌலிங் மண்டபத்தில் வேலை. பந்து பட்டு விழும் கட்டைகளை அள்ளி மறுபடி நிறுத்தும் இயந்திரங்களை அவர்தான் பார்த்துக்கொண்டார். ஆட வருகிறவர்கள் காலில் போடும் வாடகைச் சப்பாத்துகளை நான் அங்கே துடைத்து அடுக்குவேன். இயந்திரங்களின் இரைச்சலில் அவருக்குக் காது மந்தமாகிக்கொண்டு வந்தது. ஆனால் பந்து உருட்டுவதில் கெட்டிக்காரர். ஊர் ஊராகப் போய்ச் சுற்றுப்போட்டி ஆடிப் பிழைக்கிறவர்களோடு சேர்ந்துவிட்டால், அந்த இயந்திரங்களுக்குப் பின்னால் இனிப் போகத் தேவையில்லை என்பது அவருடைய எண்ணம்.

பெயரெடுத்த ஆட்டக்காரர்களுக்குப் போட்டியில் இடம் எப்போதும் உண்டு. மற்றவர்கள் முதல்நாள் தகுதி ஆட்டம் ஆட வேண்டும். விழுத்திய கட்டைகளையெல்லாம் கூட்டிப் பார்த்து, மேலே நிற்கும் சிலரை மட்டும் எடுப்பார்கள். ஒரு வருடம் அது எங்கள் மண்டபத்திலேயே நடந்தது. காலையில் ஒரு குழு, பிற்பகலில் ஒரு குழு. பிற்பகல் வேலைக்கு நிற்க வேண்டும் என்ற பேச்சோடு முதலாளி அவரைக் காலையில் ஆட விட்டார்.

அவர் நன்றாகவே ஆடினார். பிற்பகல் ஆட்டம் முடியும் தறுவாயிலும், எடுபடுகிறவர்களில் கடைசி ஆளாக நின்றுகொண்டிருந்தார். அவரை முந்தக்கூடியவன் ஒருவன்தான் மிச்சம், உயரமான ஒரு ஜெர்மன்காரன். அவனுடைய கடைசி ஆட்டத்தின் நடுவில் அவன் பந்து உருட்டிய பாதையின் இயந்திரம் இறுகி நின்றுவிட்டது.

முதலாளி தூரத்திலிருந்து கையைக் காட்டினார். கணவர் எழுந்தார்.

“இஞ்சருங்கோ, வேற ஆரும் போகட்டுமே,” என்றேன்.

“வேற ஆர் இருக்கினம்? நீரே சொல்லும்.”

போனார், கொஞ்ச நேரத்தில் சரிசெய்துவிட்டார். கையில் கிறீஸோடு இயந்திரத்துக்குப் பின்னாலேயே நின்று, கட்டைகள் விழுவதை அந்தப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறார். அவன் முந்திவிட்டான். போகும்போது இவருக்குக் கைகொடுத்து, இயந்திரம் முன்னையைவிட நன்றாக வேலை செய்கிறது என்று பகிடி விட்டான். இவரும் சிரித்தார்.

வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் அவராகத்தான் சொன்னார்: “நான் திருத்தாட்டி அவனை வேற பாதையில ஆட விட்டிருப்பினம். ஒண்டும் மாறியிராது.”

அடுத்த வருடம் அவர் பெயர் கொடுக்கவில்லை. காது முழுதும் போன பிறகும் அங்கேதான் வேலை செய்தார்.

இந்த விளையாட்டின் சட்டம் தெரிந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், அந்தக் காலத்தில் அப்படிப் பாதை மாற்றி விடுவார்களா என்று பார்த்துச் சொல்லுங்கள். அவர் சொன்னது சரியாகத்தான் இருக்கும். என்றாலும் பாருங்கள்.