ஒன்பது மணிக்கு மல்லாட்டை

எத்தியோப்பியாவில் நாள் காலை ஆறு மணிக்குத் தொடங்குகிறது. நாம் ஏழு என்பதை அவர்கள் ஒன்று என்கிறார்கள். நமக்கு உச்சிவெயில் பன்னிரண்டு என்றால் அவர்களுக்கு அது ஆறு. நான் வேலை செய்யும் செருப்புக் கம்பெனியில் நம் கடிகாரம்தான் ஓடுகிறது. வாசலைத் தாண்டினால் அவர்களுடையது. மோஜோ என்கிற இந்த ஊருக்கு வந்த முதல் வாரமே இதைத் தெரிந்துகொண்டேன், சந்தையிலும் பஸ்ஸிலும் கணக்கை மாற்றிப்போடப் பழகிவிட்டேன். ஆனால் ஆங்கிலத்தில் பேசுகிறவர்கள் ஆங்கிலக் கடிகாரத்தில்தான் பேசுவார்கள் என்று எனக்குள் ஒரு நம்பிக்கை இருந்தது. அந்த நம்பிக்கையால் ஆறு பெண்களின் வேலையைப் பறிக்க இருந்தேன்.

என் பெயர் கஸ்தூரி. கணியம்பாடிப் பக்கம் பிறந்தேன், ஆம்பூரில் வாழ்க்கைப்பட்டேன். அங்கே ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கும் பெண்ணாகச் சேர்ந்து, செக்கராகி, கடைசியில் சூப்பர்வைசரானேன். ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கத்திலிருந்து தோல் வேலை தெரிந்தவர்கள் இந்த நாட்டுக்கு வருவது புதிதல்ல. பெரும்பாலும் ஆண்கள்தான் வருவார்கள். புதிதாகத் தொடங்கிய இந்தக் கம்பெனிக்குத் தையல் பழக்க ஒரு பெண் வேண்டும் என்று கேட்டபோது, என் கணவரும் மகளும் போய்ப் பார் என்றார்கள். வந்துவிட்டேன். மேனேஜர் ரியாஸ் பாய் நம் மேல்விஷாரத்துக்காரர். நாள் முழுக்கத் தமிழ் பேச எனக்கு அவர் ஒருவர்தான்.

நான் வந்த சில வாரங்களில் அவர்களுடைய பெரிய நோன்பு தொடங்கியது. ஈஸ்டருக்கு முன்னால் ஐம்பது நாளுக்கு மேல் நீளும் நோன்பு. இறைச்சி, முட்டை, பால், வெண்ணெய் எதுவும் கிடையாது. அன்றைக்கு எனக்கு அதுகூடத் தெரியாது. பன்னிரண்டரை மணிச் சாப்பாட்டு வேளையில் கேன்டீன் பாதி காலியாகக் கிடந்தது, அவ்வளவுதான் பார்த்தேன். பெண்கள் சுவரோரம் சாய்ந்து கண்ணை மூடியிருந்தார்கள். பிற்பகலில் தையல் கோணியது, ஊசி உடைந்தது, பீஸ் எண்ணிக்கை இறங்கியது. ஆம்பூரில் நாங்களும் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் காலைச் சாப்பாட்டை விட்டவர்கள்தான். மடியில் ஒரு கை வறுத்த மல்லாட்டை இருக்கும், அதைக் கொறித்தபடியே மத்தியானம் வரை ஓட்டிவிடுவோம். அந்த நினைப்பில் ஒருநாள் சந்தையில் அதே மல்லாட்டையை, வேர்க்கடலையை, வாங்கி வறுத்து, பதினொரு மணிக்கு வரிசையோடு கொடுத்துக்கொண்டு போனேன். ஒருத்திகூடக் கை நீட்டவில்லை. புன்னகைத்தார்கள், நெஞ்சில் கைவைத்தார்கள், தலையைத் தாழ்த்தினார்கள். வேற்று ஆள் கை பட்டதைச் சாப்பிடமாட்டார்களோ என்று எனக்குள் சுருக்கென்றது. நம் ஊரில் அப்படி ஒதுங்கிய கைகளை நான் நிறையப் பார்த்தவள்.

வரிசையில் முன்னால் உட்கார்ந்திருந்தவள் ஹிருத். இருபத்தி நான்கு வயதுப் பெண். பள்ளியில் படித்த ஆங்கிலம் கொஞ்சம் உண்டு. ஏன் சாப்பிடுவதில்லை என்று அவளிடம் கேட்டேன். ‘ஸோம்’ என்றாள், நோன்பு. எப்போதுதான் சாப்பிடுவீர்கள் என்றேன். “ஒன்பது மணிக்கு” என்றாள் ஆங்கிலத்தில். இரவு ஒன்பது மணி வரையா! அப்படியென்றால் கம்பெனியால் செய்யக்கூடியது ஒன்றுமில்லை, அது அவர்களுக்கும் அவர்கள் சாமிக்கும் உள்ள விஷயம் என்று விட்டுவிட்டேன். வேகமாகத் தைக்கச் சொன்னால் எல்லோரும் ‘இஷி’ என்பார்கள். சரி என்று அர்த்தம். பீஸ் மட்டும் ஏறவில்லை.

அந்த வாரக் கடைசியில் ரியாஸ் பாய் என்னைக் கூப்பிட்டார். முதலாளிகள் நெருக்குகிறார்கள், டார்கெட்டுக்கு ரொம்பக் கம்மியாகத் தைக்கிறவர்களை எடுத்துவிட்டுப் புது ஆள் போடச் சொல்கிறார்கள், பெயர் எழுதிக்கொடு என்றார். எனக்கும் கெட்ட பெயர் வரும் என்கிற பயம் இருந்தது. ஆறு பெயர் எழுதினேன். ஹிருத்தின் பெயரும் அதில் இருந்தது. தாளை மடித்துப் பையில் வைத்தேனே தவிர, உடனே கொடுக்கக் கை வரவில்லை. நடுவில் ஒரு அரசு விடுமுறை வந்தது, அது முடிந்து கொடுத்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டேன்.

அந்த விடுமுறைக்குத்தான் ஹிருத் என்னை வீட்டுக்குச் சாப்பிட அழைத்தாள். புதன்கிழமை, ஒன்பது மணி. என் பையில் இருப்பது அவளுக்குத் தெரியாது. இரவில் ஒரு வீட்டுக்குத் தனியாகப் போவதா என்று யோசித்து, விடுமுறையன்று நோன்பு இருக்காது, காலைப் பலகாரத்துக்குத்தான் கூப்பிட்டிருப்பாள் என்று எனக்கு நானே முடிவு செய்துகொண்டேன். காலை ஒன்பது மணிக்குப் போய்க் கதவைத் தட்டினேன். ஹிருத் தலையை வாரிக்கொண்டே வந்து திறந்தாள். அடுப்பு பற்றவைத்திருக்கவில்லை. “நீ ஒன்பது மணி என்றாயே” என்றேன். அவள் திரும்பிச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். முள் மூன்றில் நின்றது.

வாசற்படியில் நின்றபடியே கணக்குப் போட்டேன். அவளுடைய ஒன்பது மணி, நம் பிற்பகல் மூன்று. மூன்று மணிக்கு நோன்பு திறக்கலாம். ஆனால் மூன்று மணிக்கு அவர்கள் மெஷினில் இருக்கிறார்கள். நாங்கள் கொடுக்கும் ஒரே சாப்பாட்டு வேளை பன்னிரண்டரைக்கே வந்துபோகிறது. வேலை விட்டு, பஸ் பிடித்து, வீடு சேர்ந்து இருட்டிய பிறகுதான் வாயில் எதுவும் போடுகிறார்கள். அவர்கள் சாமி மூன்று மணி என்று சொல்லியிருக்க, அதை இரவாக நீட்டியது நாங்கள்.

ஹிருத் என்னைத் திருப்பி அனுப்பவில்லை. உட்காரச் சொல்லி, ஒரு முறத்தில் உரித்த வேர்க்கடலையைக் கொண்டுவந்து நடுவில் வைத்தாள். இருவரும் பொறுக்கினோம். இங்கே மல்லாட்டைக்கு ‘லௌஸ்’ என்று பெயர். கிழக்கே ஹரார் பக்கத்துக் காய்ந்த நிலங்களில் நன்றாக விளைகிறது என்றாள். என் தம்பி ஏழுமலையும் கணியம்பாடியில் இதைத்தான் போடுகிறான் என்று சொன்னேன், கையால் செடி வரைந்து காட்டினேன். இந்தக் கடலை இருவர் நாட்டிலும் பிறந்ததில்லை. தென் அமெரிக்காவில் பிறந்து, ஐரோப்பியக் கப்பல்களில் ஆப்பிரிக்காவுக்கும் ஆசியாவுக்கும் வந்தது. மணிலாவிலிருந்து வந்த கொட்டை என்பதால் மணிலாக்கொட்டை. அதை நம் பக்கத்து வாய் மல்லாட்டை ஆக்கிவிட்டது. முந்திரிக்கும் பூர்வீகம் பிரேசில்தான். நம்முடையவை என்று நினைத்துப் பொங்கலில் போடுவதும், வீடு முழுக்க வறுபடுவதும் எங்கோ இருந்து வந்து தங்கிவிட்டவை.

முறத்தில் சில பருப்புகளில் பச்சையாகப் பூசணம் தெரிந்தது. ஹிருத் அதைத் துடைத்துவிட்டு நல்லதோடு சேர்த்தாள். நான் அவள் கையைப் பிடித்தேன். நன்றாகக் காயாத கடலையில் பிடிக்கும் அந்தப் பூசணம் ஈரலைக் கெடுக்கும் விஷம், வறுத்தாலும் முழுதாகப் போகாது. ஏழுமலை செடியைப் பிடுங்கியதும் காய் மேலே பார்க்கும்படி திருப்பிப் போட்டுக் காயவைப்பான். ஆட்டினால் உள்ளே பருப்பு கலகலக்க வேண்டும், அதன் பிறகுதான் மூட்டை. இதையெல்லாம் எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொல்ல முடியவில்லை. கடைசியில், கம்பெனிக்கு வரும் தோலில் உண்ணி கடித்த தழும்பு இருந்தால் என்ன செய்வோம் என்று கேட்டேன். “ரிஜெக்ட்” என்றாள் உடனே. அந்தப் பருப்புகளைக் காட்டி, இதுவும் ரிஜெக்ட் என்றேன். சிரித்துக்கொண்டே எடுத்து வெளியே போட்டாள்.

நம் மூன்று மணி ஆனதும் ஒரு கோப்பையை நீட்டினாள். வெள்ளையாக, சூடாக, நுரை கட்டியிருந்தது. நோன்பில் பாலா என்றேன். லௌஸ் என்றாள். வறுத்த கடலையை விழுதாக அரைத்து, தண்ணீரில் கொதிக்கவிட்டு, சர்க்கரையும் பட்டையும் போட்டது. பால் தொடாத இந்த நாட்களில் இதுதான் அவர்களுக்குப் பால். புரதமும் கொழுப்பும் ஒரே கோப்பையில் வயிற்றுக்குள் இறங்குகின்றன. இதைக் குடித்தால் இரத்தம் ஊறும் என்றெல்லாம் நான் சொல்லமாட்டேன், அதற்குக் கீரையும் பயறும் வேண்டும். ஆனால் தளர்ந்த உடம்பு நிமிர்ந்து உட்காரும். அவள் முகத்தில் நிறம் திரும்புவதைப் பார்த்தபடி நானும் குடித்தேன். அவள் பெயர் எழுதிய தாள் என் மடியில் இருந்த பையில் இருந்தது. வீட்டுக்குப் போனதும் கிழித்துப்போட்டேன்.

மறுநாள் ரியாஸ் பாயிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மூன்று மணிக்கு அரைமணி இடைவேளை கொடுக்கலாம், கேன்டீனில் லௌஸ் காய்ச்சலாம் என்றேன். அவர் முன்னால் வளைகுடாவில் இருந்தவர்.

“லௌஸா? அது பாதாமாச்சேம்மா. தினம் பாதாம் காய்ச்சுனா கம்பெனி தாங்குமா?”

“பாதாம் இல்ல பாய். மல்லாட்டை. அரபுல பாதாமுக்கு வெச்ச பேர இவங்க மல்லாட்டைக்கு வெச்சிருக்காங்க.”

அவர் சிரிக்கவில்லை. கையிலிருந்த பேனாவை மூடி மேஜைமேல் வைத்தார்.

“நோன்பு தெறக்கிற நேரத்துல மெஷின்ல உக்கார வெச்சிருக்கேன். எனக்குத் தெரிஞ்சிருக்கணும்மா இது. பேர் எழுதிட்டியா?”

“எழுதுனேன். கிழிச்சிட்டேன்.”

“நல்லது” என்றார். முதலாளிகளிடம் தானே பேசுவதாகச் சொன்னார், பேசவும் செய்தார். பகல் இடைவேளையைச் சுருக்கி மூன்று மணிக்கு ஒன்று கொடுத்தோம். மற்ற வரிசைகளில் இருந்த முஸ்லிம் பெண்களும் இந்த நோன்பு இல்லாத மற்றவர்களும் பழைய நேரத்திலேயே சாப்பிட்டார்கள். கேன்டீனுக்கு வந்த முதல் கடலை மூட்டையைத் திறந்ததுமே பூசண வாடை அடித்தது. நான் வேண்டாம் என்றேன். அவர்கள் நாட்டுச் சரக்கைக் குறை சொல்கிறேன் என்று கேன்டீன் சமையற்காரம்மாவுக்குக் கோபம். ஹிருத்தான் போய் அவரிடம் நெடுநேரம் பேசினாள். ‘ரிஜெக்ட்’ என்கிற வார்த்தை மட்டும் எனக்குப் புரிந்தது. அடுத்த மூட்டையை அந்தம்மாவே ஒரு கை அள்ளி முகர்ந்துபார்த்து வாங்கினார். உரித்த கடலை ஓடுகளும் வீணாகவில்லை, கேன்டீன் அடுப்புக்குப் போயின.

பீஸ் எண்ணிக்கை ஒரே நாளில் எகிறிவிடவில்லை. பிற்பகலில் ஊசி உடைவது நின்றது, தையல் நேரானது, மெல்ல மெல்ல டார்கெட்டை நெருங்கினோம். ஆறு பேரும் வேலையில் இருக்கிறார்கள். ஹிருத் இப்போது செக்கர். கண் கூர்மையானவள், மூன்றாம் நாளே நான் தவறவிட்ட ஒரு தழும்பைக் கண்டுபிடித்துக் காட்டினாள்.

ஈஸ்டர் முடிந்து எனக்கு விடுப்பு கிடைத்தது. சித்திரை வெயில். ஆம்பூர் வீட்டில் பை இறக்கிவைத்த மறுநாள் கணியம்பாடிக்குப் போனேன். ஏழுமலை கிணற்றுப் பாசனத்தில் போட்டிருந்த மல்லாட்டையைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். இந்த முறை தென்னை வைத்துவிடலாமா என்று முதலில் யோசித்தானாம். கிணற்றில் இருக்கிற தண்ணீருக்கு மல்லாட்டைதான் சரி, வேர் முடிச்சுகள் மண்ணுக்குச் சத்தையும் கொடுத்துவிட்டுப் போகும், அடுத்த போகத்துக்கு யூரியா கம்மியாகப் போடலாம் என்று போட்டிருக்கிறான். காய் நன்றாகப் பிடித்திருந்தது. ஒன்றை உடைத்து ஓட்டின் உட்புறக் கறுப்பைக் காட்டினான், நன்றாக முற்றிவிட்டது என்றான். எத்தனை நாள் இருப்பீர்கள் என்று தம்பி மனைவி சுமதி வந்ததும் கேட்டாள். ரெண்டே வாரம்தான் என்றேன். சொல்லிவிட்டு முகத்தைச் செடிகள் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

மதியத்துக்குமேல் நானும் சுமதியும் வேப்பமர நிழலில் உட்கார்ந்து செடியிலிருந்து காய் ஆய்ந்துகொண்டிருந்தோம். என் போன் அடித்து ஓய்ந்தது. கையெல்லாம் மண், எடுத்துப் படி என்றேன். ஹிருத் ஆங்கிலத்தில் அனுப்பியிருந்தாள். சுமதி எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

“எப்ப வீட்டுக்கு வர்றீங்கன்னு கேக்குது அண்ணி.” போனையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தாள். “வீட்டுக்குன்னுதான் போட்டிருக்குது. இன்னான்னு அனுப்பட்டும்?”

“ரெண்டே வாரம்னு போடு” என்றேன்.

அவள் போட்டுவிட்டுப் போனைக் கீழே வைத்தாள். காலையில் சொன்ன அதே இரண்டு வார்த்தைகள்தான். இந்த முறை சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறேன் என்பது அவள் பார்வையில்தான் எனக்குத் தெரிந்தது. அடுத்த செடியை இழுத்து மடியில் போட்டுக்கொண்டேன், மண் இன்னும் ஈரமாக இருந்தது.