ஜெனரேட்டருக்குப் பக்கத்தில் ஒரு கச்சேரி

எழுபதுகளின் கடைசி வருஷங்களையும் எண்பதுகளின் முதல் பாதியையும் பற்றி யாராவது கேட்டால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது களைப்புதான். மற்றதெல்லாம் அதற்குப் பின்னால்தான் வருகிறது. ஆரணியில் எங்கள் வீட்டில் ஒரு பட்டுத் தறி இருந்தது. என் வீட்டுக்காரர் குழியில் கால் இறக்கி உட்கார்ந்து நெய்வார். அவருக்கு இடது பக்கம் நான் உட்கார்ந்து கரைக்கு உண்டான நூல் சுற்றிய நாடாக்கட்டையைத் தள்ள வேண்டும். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்றால் ஒற்றை ஆளால் நெய்ய முடியாது. அவர் ஒரு தடவை ஓட்டினால் நானும் ஒரு தடவை தள்ள வேண்டும். காலை வெளிச்சம் வந்ததிலிருந்து விளக்கு வைக்கிற வரை இதுதான். நடுவில் அடுப்பு, தெருக்குழாய்த் தண்ணீர், கைக்குழந்தை. தறிக்கு மேலே ஆணியில் ஒரு டிரான்சிஸ்டர் தொங்கிக்கொண்டிருக்கும். அந்த வீட்டில் எனக்கென்று இருந்தது அது ஒன்றுதான்.

எங்களுக்கு லீவு அமாவாசை. அன்றைக்குத் தறி ஓடாது. பக்கத்து வீட்டுப் பெண்கள் அன்றைக்காவது காலை நீட்டிப் படுப்பார்கள். எனக்கு அந்தக் கொடுப்பினையும் இல்லை. மதியச் சாப்பாடு முடிந்ததும் என் வீட்டுக்காரர் சேர்ந்திருந்த மெல்லிசை ரசிகர் மன்றம் எங்கள் வீட்டில்தான் கூடும். ஏழெட்டு ஆண்கள் தறிக்கூடத்தில் பாய் விரித்து உட்கார்ந்துகொள்வார்கள். அந்த மாதம் எங்கேயாவது மெல்லிசைக் கச்சேரிக்குப் போய்வந்தவர் எழுந்து நின்று கிழித்த டிக்கெட்டின் பாதியைக் காட்டிவிட்டு, பார்த்ததையும் கேட்டதையும் சொல்ல வேண்டும். டிக்கெட் இல்லாதவர் சொன்னால் நம்பமாட்டார்கள். செயலாளர் ஒரு பள்ளிக்கூட வாத்தியார். அவர் எந்தக் கச்சேரிக்குப் போனாலும் எத்தனை வயலின், எத்தனை தபலா என்று எண்ணிக்கொண்டு வருவார். வேலூர் வழித்தடத்தில் போகிற கண்டக்டர் ஒருவர் மழையில் நடந்த கச்சேரியை மறுபடி மறுபடி சொல்வார். முதல் அமாவாசையில் தூறலாக இருந்த மழை நாலாவது அமாவாசையில் பந்தலையே பிய்த்துக்கொண்டு போய்விட்டது. பெண்களுக்கு மன்றத்தில் இடமில்லை. டீ போட மட்டும் இடமுண்டு. நான் போட்டேன்.

அந்த மன்றமும் ஊர் வியாபாரிகளும் சேர்ந்து ஒரு வருஷம் கோட்டை மைதானத்தில் பெரிய கச்சேரிக்கு ஏற்பாடு செய்தார்கள். மெட்ராஸிலிருந்து வாத்தியக் குழுவும் சினிமாவில் பாடுகிற அம்மா ஒருவரும் வருவதாக முடிவானது. என் வீட்டுக்காரருக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. அந்த அம்மாவின் குரல் என்றால் அவருக்கு உயிர். கடையில் வாங்கிய சால்வையைப் போர்த்தினால் ஆரணிக்கு என்ன மரியாதை, நம் கையால் நெய்ததைத்தான் போர்த்த வேண்டும் என்று கிளம்பிவிட்டார். வாத்தியாரும் தலையாட்டிவிட்டார்.

புடவை வேலை அதன்பாட்டுக்கு நடக்க வேண்டும். சால்வை மிச்ச நேரத்தில்தான். அரக்கு உடல், மாம்பழ மஞ்சள் கரை. மிச்ச நேரம் என்பது எனக்கு எப்போது இருந்தது? குழந்தைக்கு அந்த வாரம் முழுக்க ஜுரம். மடியில் போட்டுக்கொண்டு ஒரு கையால் நாடாவைத் தள்ளினேன். ஒரு விடியற்காலையில் கண் தானாக மூடிக்கொண்டது. ஒரே ஒரு ஓட்டம் விட்டுப்போனது. நாலு விரல் அளவு நெய்த பிறகுதான் கரையில் கடுகளவு ஓட்டை இருப்பதை அவர் பார்த்தார். பிரித்தால் ஜரிகை நைந்துவிடும். ஊசியில் ஜரிகை கோத்து அடிப்பக்கமாக இழுத்து ஒரு முடிச்சுப் போட்டார். மேலே பார்த்தால் தெரியாது. கீழே விரலால் தடவினால் நொய் அரிசி போல ஒன்று தட்டுப்படும்.

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு நாலு வார்த்தை சொல்லி ஆறியிருப்பேன். "அவங்க பாட்டு பாடறவங்க. தறிக்காரங்க இல்ல. பாக்க மாட்டாங்க" என்று மட்டும் சொன்னார். அந்த முடிச்சு நெஞ்சில் கிடந்து எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது.

கச்சேரி அன்றைக்குச் சாயங்காலம் மைதானம் கொள்ளவில்லை. சேவூரிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். நடுவில் கயிறு கட்டி ஒரு பக்கம் ஆண்கள், ஒரு பக்கம் பெண்கள். நான் ஜுரம் விட்ட குழந்தையோடு நாலாவது வரிசையில் மணலில் உட்கார்ந்தேன். என் வீட்டுக்காரரைக் காணவில்லை. எப்போது வேண்டுமானாலும் கூப்பிடுவோம், தட்டோடு தயாராக இரு என்று சொல்லி மேடைக்குப் பின்னால் நிற்க வைத்திருந்தார்கள்.

அந்தக் கச்சேரியை என்னால் இன்றைக்கும் சொல்ல முடியும். அந்த அம்மா சாதாரண வெள்ளைப் புடவையில் வந்தார். முதல் பாட்டு ஒரு சாமி பாட்டு. மூன்றாவது பாட்டில் ஒரு இடத்தில் வாத்தியமெல்லாம் நின்று குரல் மட்டும் தனியாகப் போனது. ரேடியோவில் அந்த இடத்தில் மூச்சு வாங்குவது தெரியாது. அங்கே தெரிந்தது. அவருக்கும் மூச்சு வாங்குகிறது, அவரும் களைத்துத்தான் பாடுகிறார் என்று தெரிந்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. பக்கத்தில் இருந்த பெண், குழந்தைக்கு என்ன ஆச்சு என்று கேட்டாள். ஒன்றும் இல்லை என்றேன். தாலாட்டு ஒன்று பாடினார். என் குழந்தை அதற்குத் தூங்கவில்லை, தலையைத் தூக்கி மேடையையே பார்த்துக்கொண்டிருந்தது.

கடைசிப் பாட்டுக்கு முன்னால்தான் இவரைக் கூப்பிட்டார்கள். அதற்குள் ஊரில் உள்ள பெரிய மனிதர்கள் எல்லாரும் போர்த்தி முடித்திருந்தார்கள். இவர் வியர்த்துப்போய் வந்தார். அந்த அம்மா சால்வையைத் தொட்டுப் பார்த்து என்னவோ சொன்னார். இவர் கையெடுத்துக் கும்பிட்டார். உடனே ஒரு ஆள் வந்து சால்வையை எடுத்து மடித்து மற்றதோடு வைத்துக்கொண்டான்.

அடுத்த அமாவாசையிலிருந்து எங்கள் வீட்டுத் தறிக்கூடத்தில் ஓடியது அந்த ஒரு கதைதான். அந்த அம்மா என்ன சொன்னார்? "நீங்களே நெய்ததா? இதை நான் வச்சிக்கிறேன்" என்றாராம். இவர் சொல்லும்போது ஒவ்வொரு தடவையும் குரல் உடையும். கண்டக்டரின் மழையைப் போல இது வளரவில்லை. ஒரு சொல் கூடாது, ஒரு சொல் குறையாது. அதனால் எல்லாரும் நம்பினார்கள். நானும்தான். மெட்ராஸில் ஏதோ ஒரு வீட்டு பீரோவில் என் முடிச்சும் பத்திரமாக இருப்பதாக நினைத்து மெல்ல மெல்ல அந்த உறுத்தல் கூட எனக்கு விட்டுப்போனது.

ஒரு தடவை வாத்தியார், அன்றைக்குப் பாடியதில் எந்தப் பாட்டு பிரமாதம் என்று கேட்டார். எல்லாமே பிரமாதம்தான் என்று சொல்லிவிட்டு இவர் டம்ளரை என்னிடம் நீட்டினார். மூன்றாவது பாட்டு என்று எனக்கு நாக்கு நுனி வரை வந்தது. யார் கேட்டார்கள் என்னை? டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போனேன். வீட்டில் தனியாக இருக்கும்போதாவது இவர் கேட்பார் என்று இருந்தேன். கேட்கவில்லை. அடுத்தடுத்து உட்கார்ந்து ஒரே துணியை நெய்கிற இரண்டு பேர், ஒரே கச்சேரிக்குப் போய்வந்து, அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. எனக்குக் கோபம்தான். ஆனால் கோபப்படவும் உடம்பில் தெம்பு வேண்டும்.

ஏழு வருஷம் கழித்து அதே வாத்தியக் குழு மறுபடி எங்கள் ஊருக்கு வந்தது. அந்த அம்மா வரவில்லை, வேறு பாடகர்கள். கச்சேரி தொடங்குவதற்கு முன்னால் மன்றத்தின் பழைய ஆட்கள் நாலு பேரை மேடையில் ஏற்றிச் சால்வை போர்த்துவது, ஒவ்வொருவரும் மறக்க முடியாத கச்சேரி அனுபவத்தைச் சொல்வது என்று வாத்தியார் ஏற்பாடு செய்திருந்தார். இவருக்கு வெள்ளை வேட்டி துவைத்து வைத்தேன். மேடையில் சொல்வதற்கு ஒத்திகையே வேண்டாம், அவ்வளவு தடவை சொன்ன கதை.

வெயில் இன்னும் இறங்கவில்லை. நான் அதே பெண்கள் பக்கம், கயிற்றை ஒட்டி உட்கார்ந்தேன். மகள் பக்கத்தில் முறுக்கு தின்றுகொண்டிருந்தாள். குழுவின் மேனேஜர் ஒரு பெரிய பையிலிருந்து சால்வைகளை எடுத்து எடுத்து வாத்தியாரிடம் கொடுத்தார். கண்டக்டருக்குப் பச்சை. இவருக்கு அரக்கு, மாம்பழ மஞ்சள் கரை.

அரக்கில் மஞ்சள் கரை ஊரில் ஆயிரம் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இவர் சிரித்த முகமாகத்தான் இருந்தார். கண்டக்டர் மழையைச் சொல்லி முடித்துக் கைதட்டல் வாங்கும் வரை சிரித்துக்கொண்டுதான் இருந்தார். அப்புறம் இவருடைய வலது கை மெதுவாகக் கரைக்கு அடியில் போனது. நெய்கிறவன் கை அப்படித்தான், துணி கிடைத்தால் தடவிப் பார்க்காமல் இருக்காது. கட்டைவிரல் கரையோரமாக நகர்ந்துகொண்டே வந்து ஒரு இடத்தில் நின்றுவிட்டது.

அந்த அம்மாவை நான் குறை சொல்லமாட்டேன். ஊர் ஊராக எத்தனை சால்வை, எத்தனை பீரோ வைத்துக்கொள்வார்? வச்சிக்கிறேன் என்று சொன்னது அந்த நிமிஷத்துக்கு நிஜமாகத்தான் இருந்திருக்கும். குழுக்காரர்கள் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு அடுத்த ஊரிலும் அதற்கடுத்த ஊரிலும் போர்த்தப் பயன்படுத்திக்கொண்டிருக்கிறார்கள். அவ்வளவுதான். ஆனால் அது எனக்குப் பிறகு தோன்றியது. அந்த நேரத்தில் என்னைத்தான் நொந்துகொண்டேன். அன்றைக்கு நான் தூங்காமல் இருந்திருந்தால் முடிச்சு இருந்திருக்காது. முடிச்சு இல்லாவிட்டால் இவருக்குத் தெரிந்திருக்காது.

மைக் இவரிடம் வந்தது. வாத்தியாரே கதையை எடுத்துக்கொடுத்தார், அந்த அம்மாவுக்கு நீங்கள் போர்த்தியதைச் சொல்லுங்கள் என்று. இவர் கரையிலிருந்து விரலை எடுத்து மைக்கைப் பிடித்தார்.

"அன்னிக்கு நான் ஒரு பாட்டு கூட கேக்கலீங்க" என்றார். "தட்ட வச்சிகினு பின்னால ஜெனரேட்டர் பக்கத்துல நின்னுகினு இருந்தேன். அந்த சத்தம்தான் கேட்டது. எங்க வீட்டுல இருக்கறவங்கதான் கச்சேரி கேட்டாங்க. நான் கேக்கல."

கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள், வேடிக்கையாகச் சொல்கிறார் என்று. அந்தத் தடவை வாத்தியார் கேட்ட கேள்விக்கு எல்லாமே பிரமாதம் என்று சொன்னது ஏன் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது, பாவம் என்றும் இருந்தது. இதைச் சொல்ல மைக் வேண்டுமா, பக்கத்தில் உட்கார்ந்து கரை தள்ளுகிறவளிடம் சொல்லியிருக்கக்கூடாதா?

மேடையிலிருந்து இறங்குகிற இடத்தில் மேனேஜர் நின்றுகொண்டு சால்வைகளைத் திரும்ப வாங்கிக்கொண்டிருந்தார், அடுத்த ஊருக்கு வேண்டுமாம். கண்டக்டர் முணுமுணுத்துக்கொண்டே கொடுத்தார். இவரும் கழற்றினார். அது நான் நெய்தது, கொடுக்கமாட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்வார் என்று பார்த்தேன். சொல்லியிருந்தால் நானும் எழுந்துபோய் ஒரு கை பார்த்திருப்பேன். இவர் கரையோடு கரை சேர்த்து, சுருக்கம் நீவி, முதலாளி வீட்டுக்குப் புடவை கொண்டுபோவதற்கு மடிப்பது போல மடித்துக் கொடுத்தார். மேனேஜர் அதைப் பையில் திணித்தார்.

நேராகக் கயிற்றுக்கு அந்தப் பக்கம் வந்து என்னை ஒட்டினாற்போல மணலில் உட்கார்ந்தார். மேடையில் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இந்தாமே, அன்னிக்கு இன்னா இன்னா பாட்டு பாடினாங்க?"

ஏழு வருஷமாக நான் காத்திருந்த கேள்வி. வந்தபோது எனக்குச் சந்தோஷம் வரவில்லை, உட்கார்ந்த இடத்தில் அப்படியே சாய்ந்துவிடலாம் போலத்தான் இருந்தது.

"அத்த வீட்டுல சொல்றேன். மொதல்ல இத கேளுங்க."

சரி என்று கால்களை மடக்கி, கையைக் கட்டிக்கொண்டு, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி உட்கார்ந்தார். முதல் பாட்டைக் கேட்டார். இரண்டாவது பாட்டுக்குத் தலையாட்டினார். மூன்றாவது பாட்டில் தலை தானாக ஆடியது. விடியற்காலையிலிருந்து தறியில் இருந்த மனுஷன். எழுப்பலாமா என்று பார்த்தேன், மனசு வரவில்லை. அந்தக் கச்சேரியையும் கடைசி வரை நான்தான் கேட்டேன்.

மறுநாள் தறியில் உட்கார்ந்து நாலு ஓட்டம் ஓடியிருக்கும். டிரான்சிஸ்டரை அவரே கையை நீட்டி நிறுத்தினார். சொல்லு என்றார். இரண்டு கச்சேரி சொல்ல வேண்டியிருந்தது. நாடாவைத் தள்ளிக்கொண்டே, வெள்ளைப் புடவையிலிருந்து ஆரம்பித்தேன்.