கலைச்செல்வி எடுக்காத நிறம்

சென்ற மாதம் ஒரு காலை, கடையைத் திறந்து கணினியைப் போட்டுக்கொண்டிருந்தபோது கைபேசிக்கு ஒரு படம் வந்தது. தஞ்சாவூரில் ஃப்ளெக்ஸ் பேனர் கடை வைத்திருப்பவனுக்குக் காலையில் வரும் படங்கள் பெரும்பாலும் இரண்டே வகை. பிறந்தநாள், இல்லாவிட்டால் சாவு. இது இரண்டாவது வகை. ‘சார், கண்ணீர் அஞ்சலி பேனர். எட்டுக்கு ஆறு. மூணு மணிக்கு எடுக்குறோம், அதுக்குள்ள வேணும். அண்ணி முகத்தைக் கொஞ்சம் கலரா பண்ணிடுங்க’ என்று கீழே எழுதியிருந்தது. அனுப்பியவர் யாரென்று தெரியவில்லை. படத்தைப் பெரிதாக்கினேன். ஏதோ விசேஷத்தில், பச்சை நிழல்வலைப் பந்தலுக்குக் கீழே எடுத்த படம். முகமெல்லாம் பாசி பிடித்ததுபோல் பச்சை. அந்தப் பச்சைக்குள்ளிருந்து என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தவர் கலைச்செல்வி.

பன்னிரண்டு வருடம் எனக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்தவர் இறந்துபோனதை எனக்குச் சொன்னது அந்தப் படம்தான். அவர் நோயாய் இருந்ததுகூட எனக்குத் தெரியாது. கடைசியாகப் பேசி ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. அதை நினைத்தால் இப்போதும் என்மேல் எனக்கே கோபம் வருகிறது.

பழைய பேருந்து நிலையத்துக்கு அருகில் இருந்த கலர் லேபில் படம் திருத்திக்கொண்டவர்கள் பலர் இதைப் படிக்கக்கூடும். மாடியில், கண்ணாடிக் கதவுக்குப் பின்னால், தலை நிமிராமல் உட்கார்ந்திருந்த அந்தப் பெண்ணை உங்களுக்கு நினைவிருக்கும். ஊரெல்லாம் சிங்கப்பூருக்கும் மஸ்கட்டுக்கும் கிளம்பிக்கொண்டிருந்த காலம் அது. வீட்டுக்கு ஒருவர் வெளிநாட்டில் இருந்தார், அவருக்கு அனுப்ப வீட்டுக்குப் பத்துப் படங்கள் இருந்தன. எங்கள் லேபுக்கு ஸ்கேனர் வந்து இறங்கிய வாரம்தான் கலைச்செல்வியும் வேலைக்குச் சேர்ந்தார். நீடாமங்கலம் பக்கத்துக் கிராமம். தினமும் பாசஞ்சர் ரயிலில் வருவார். அப்பாவும் அம்மாவும் மற்றவர்கள் வயலில் நாற்றுப் பறித்து, நடவு நட்டுப் படிக்க வைத்த பெண். நான் சாமுவேல், தரங்கம்பாடி லூத்தரன் வீட்டுப் பிள்ளை, அவரைவிட ஒரு வயது மூத்தவன். எனக்குக் கணினி தெரியும் என்ற திமிர் கொஞ்சம் உண்டு. அவர் சேர்ந்த மூன்றாம் நாளே அது இறங்கியது.

ஒரு பஞ்சாயத்துத் தலைவரின் குடும்பப் படம். ஸ்கேன் செய்ததில் படம் முழுக்க ஒரு மங்கல் நீலம் ஏறியிருந்தது. அதைப் போக்க ஒரு வழி உண்டு. படத்தில் நிச்சயம் வெள்ளை என்று தெரிந்த ஓர் இடத்தைக் கணினிக்குக் காட்டிவிட்டால், அதை வெள்ளையாக்கி, மற்ற நிறங்களையும் அதற்கேற்ப அதுவே திருத்திவிடும். தலைவரின் வேட்டியைவிட நிச்சயமான வெள்ளை எது? வேட்டியைக் காட்டினேன், பிரிண்ட் போட்டேன், கொடுத்தேன். மறுநாள் தலைவரே மாடியேறி வந்தார்.

“என்னப்பா, எங்க வீட்ல எல்லாருக்கும் மஞ்சக்காமாலையா?”

படத்தில் பேரக்குழந்தை வரை மஞ்சளாக இருந்தது. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கலைச்செல்வி எட்டிப் பார்த்தார். தலைவர் கட்டியிருந்த வேட்டியை ஒருமுறை பார்த்தார்.

“அய்யா, வீட்ல துணிக்கு நீலம் போடுவீங்களா?”

“சொட்டு நீலம் போடாம வேட்டி கட்டுவாங்களாம்மா? தூக்கலாத்தான் போடச் சொல்வேன்.”

அவர் போன பிறகு கலைச்செல்வி என் பக்கம் திரும்பினார். “அண்ணே, நம்ம ஊரு வேட்டியை நம்பக் கூடாது. அது வெள்ளை இல்ல, நீலம். நீலத்தை வெள்ளைன்னு சொல்லிக் கொடுத்தா, அது மூஞ்சியில மஞ்சளைத்தான் பூசும்.” பிறகு திரையில் தலைவரின் நெற்றியில் இருந்த திருநீற்றுப் பட்டையின்மேல் மவுஸை வைத்து ஒரே ஒரு முறை அழுத்தினார். குடும்பம் முழுவதும் குணமாகிவிட்டது. எங்கள் வீட்டில் திருநீறு பூசுகிற வழக்கம் இல்லை, அதனால் எனக்கு அது தோன்றவேயில்லை என்று சமாளித்தேன். “வேட்டி உங்க வீட்லயும் கட்டுவாங்கல்ல?” என்று கேட்டுவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

சர்ச் கல்யாணங்களில் திருநீறு கிடைக்காதே என்று அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தார். தினசரிக் காலண்டரின் பின்பக்க அட்டை ஒரு மாதிரிச் சாம்பல் நிறத்தில் இருக்குமல்லவா, அதில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டு வெட்டி எங்கள் போட்டோகிராபரிடம் கொடுத்தார். எந்த விசேஷமானாலும் முதல் படத்தில் ஒருவர் அந்த அட்டையை முகத்துக்குப் பக்கத்தில் பிடித்துக்கொள்ள வேண்டும். அந்த அட்டையின் நிறம் சரியானால் ஆல்பம் முழுக்கச் சரியாகிவிடும். ஒரத்தநாட்டில் ஒரு கல்யாணத்தில் பெண் கையில் அட்டையைக் கொடுத்துப் படமெடுத்ததும், மாப்பிள்ளையின் பெரியப்பா சண்டைக்கு வந்துவிட்டார். “பொண்ணுக்கு மட்டும் செஞ்சா எப்படி? மாப்பிள்ளைக்கும் அதைச் செய்யிங்க.” மாப்பிள்ளை கையிலும் கொடுத்து எடுத்தார்கள். அதன்பின் பெரியப்பாவின் கையிலும். கலைச்செல்வி அந்த மூன்று படங்களையும் தன் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருந்தார்.

படம் கொண்டுவருகிறவர்களிடம் நாங்கள் எல்லோரும் “என்ன பண்ணணும்?” என்று கேட்போம். அவர் வேறு மாதிரி கேட்பார். “எதை எடுக்கணும்னு அப்புறம் சொல்லுங்க. எதை எடுக்கக் கூடாதுன்னு முதல்ல சொல்லுங்க.” கேள்வி புரியாமல் முழிப்பவர்கள்தான் அதிகம். நானும் பல நாள் அதைக் கேலி செய்திருக்கிறேன், ஒரு மனிதர் என் வாயை அடைக்கும் வரை.

அவர் மன்னார்குடிப் பக்கத்துக்காரர், சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை. அம்மா இறந்து ஆறு மாதம் கழித்துத்தான் ஊருக்கு வர முடிந்திருக்கிறது. அம்மாவுக்கு இருந்தது ஒரே ஒரு படம். நடவு முடிந்து வரப்பில் ஏழெட்டுப் பெண்கள் நிற்க, யாரோ எடுத்தது. பழைய கலர் பிரிண்ட்டுகள் நாளாக நாளாகச் சிவந்துபோகும். அந்தப் படத்தில் வயல், வானம், மனிதர்கள் எல்லாமே செங்கல் நிறம். அம்மாவை மட்டும் பிரித்துப் பெரிதாக்கி, மாட்டுவதற்குத் தர வேண்டும் என்றார். அன்றும் மறுநாளும் கலைச்செல்வி விடுப்பு. நானே உட்கார்ந்தேன். இரண்டு நாள் பாடுபட்டேன். சிவப்பைக் குறைத்தேன், முகத்தில் ஒளி ஏற்றினேன், வெயிலில் காய்ந்த கன்னத்தை வழவழப்பாக்கினேன். எல்லோரும் அதைத்தானே கேட்பார்கள், இவர் கேட்காமலே செய்து கொடுப்போம் என்ற பெருந்தன்மை வேறு.

மூன்றாம் நாள் அவர் வந்து படத்தை வாங்கிப் பார்த்தார்.

“யாருங்க இது?”

“உங்க அம்மாதாங்க.”

“நல்லாத்தான் இருக்கு. யாரோ டீச்சரம்மா மாதிரி இருக்கு. எங்கம்மா இல்லீங்க.” படத்தை மேசையில் வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அடுத்த வாரம் அவருக்குத் திரும்ப விமானம்.

கலைச்செல்வி எழுந்து வந்து அந்தப் படத்தையும் பழைய பிரிண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். “அண்ணே, சிவப்பு போட்டோவுக்கு வந்த சீக்கு. கறுப்பு அந்தம்மா நிறம். நீங்க ரெண்டையும் சேர்த்து எடுத்துட்டீங்க.” அவர் குரலை உயர்த்தவில்லை. ஆனால் அவர் முகம் அப்படி இறுகி நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அவருடைய அம்மாவும் அப்படி ஒரு வரப்பில் நின்றவர் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

பிறகு அந்த மனிதரிடம் கேட்டார். “வீட்ல அம்மா நிறத்துல யாருங்க இருக்கா?”

“தங்கச்சி. உரிச்சு வச்ச மாதிரி அம்மா நிறம்.”

“நாளைக்குக் கூட்டிட்டு வாங்க.”

தங்கை வந்தார். கலைச்செல்வி அவரைத் தன் நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார வைத்து, முழங்கைவரை கையைத் திரைக்குப் பக்கத்தில் நீட்டச் சொன்னார். படத்தில் அந்த அம்மா இடுப்பில் ஓர் அலுமினியத் தூக்குவாளி வைத்திருந்தார், வருடக்கணக்கில் தேய்த்துத் தேய்த்து மினுமினுப்பு போனது. கலைச்செல்வி முதலில் அதைச் சாம்பல் நிறத்துக்குக் கொண்டுவந்தார். பாதிச் சிவப்பு அதிலேயே போய்விட்டது. மீதியைத் தங்கையின் கையைப் பார்த்துப் பார்த்து, நூல் நூலாக. மதியம் சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை. கன்னத்தின் வெயில் திரும்ப வந்தது, நெற்றிச் சுருக்கம் திரும்ப வந்தது. திடீரென்று அந்தத் தங்கை நீட்டிய கையை இழுத்து வாயைப் பொத்திக்கொண்டு, “அண்ணே, அம்மா வந்துருச்சுண்ணே” என்றார். அண்ணன் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். நான் கீழே இறங்கிப் போய் எல்லோருக்கும் டீ சொல்லிவிட்டு வந்தேன்.

இவ்வளவு பார்த்த பிறகாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். எனக்குப் பெண் பார்க்கத் தொடங்கியபோது, வேளாங்கண்ணிப் பக்கம் ஒரு வீட்டுக்கு அனுப்ப என் படத்தை நானே திருத்தினேன். நான் நல்ல கறுப்பு. திரையில் சந்தன நிறத்தில் ஒரு சாமுவேல் உருவாகிக்கொண்டிருந்தான். பின்னால் வந்து நின்ற கலைச்செல்விக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. “பொண்ணு வீட்டுக்கு நேர்ல போறப்ப மவுஸையும் எடுத்துட்டுப் போவீங்களாண்ணே?” என்றார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, “உங்களை வேணாம்னு சொல்றவங்க போட்டோவைப் பார்த்தே சொல்லிட்டுப் போகட்டும். வேணும்னு சொல்றவங்க உங்களைப் பார்த்துச் சொல்லணும்ல?” என்றார். திருத்தாத படம்தான் போனது. அந்தப் படத்தைப் பார்த்துச் சம்மதம் சொன்னவர் இருபது வருடமாக என் வீட்டில் இருக்கிறார். கலைச்செல்வி இறந்த செய்தி கேட்டு என்னைவிட அதிகம் அழுதது அவர்தான்.

லேப் மூடிய பிறகு நான் பேனர் கடை வைத்தேன். அவர் சென்னையில் ஒரு நிறுவனத்தில் சேர்ந்தார். அமெரிக்கக் கல்யாண ஆல்பங்கள் இணையத்தில் வரும், திருத்தி அனுப்ப வேண்டும். பிறகு அதே வேலையை நீடாமங்கலத்து வீட்டிலிருந்தே செய்தார். ஒருமுறை போனில் சொன்னார்: “நம்மாளுங்க கறுப்பைக் குறைங்கம்பாங்க. இவங்க வெயில்ல காஞ்ச மாதிரி கூட்டுங்கங்கிறாங்க. உலகத்துல ஒருத்தருக்கும் அவங்கவங்க நிறம் போதலைண்ணே.” அதுதான் நாங்கள் மனம்விட்டுச் சிரித்த கடைசிப் பேச்சு.

அன்று காலை, படம் அனுப்பியவரை அழைத்தேன். அவர் கலைச்செல்வியின் கணவருக்குத் தம்பி, பெயர் செந்தில். முகத்தை வெளுக்க வைக்க மாட்டேன் என்றேன்.

“சார், ஊரே பார்க்கிற பேனரு. நாலு பெரிய மனுசங்க வருவாங்க. கொஞ்சம் கலரா இருந்தாத்தானே சார் மரியாதை?”

எனக்கு வந்த ஆத்திரத்தை விழுங்கிக்கொண்டு, மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு நீடாமங்கலத்துக்குக் கிளம்பினேன். கடையில் அச்சுக்கு ஆளைத் தயாராக இருக்கச் சொன்னேன். வழியெங்கும் நடவு நடந்துகொண்டிருந்தது. எனக்கு ஒன்றும் கண்ணில் தங்கவில்லை.

வீட்டில், கண்ணாடிப் பெட்டிக்குள் கலைச்செல்வி படுத்திருந்தார். பெட்டியின் குழல்விளக்கு முகத்தில் நீலமாக விழுந்தது. நோய் வேறு அவரை மாற்றியிருந்தது. அங்கே இருந்த நிறமும் அவருடையது அல்ல. கொஞ்ச நேரம் அப்படியே நின்று அழுதேன். பிறகு பக்கத்து அறையில் கணினியைத் திறந்து அந்தப் பச்சைப் படத்தை எடுத்தேன். செந்தில் என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றார். கலைச்செல்வியின் மகள் யாழினி, கல்லூரியில் படிக்கிற பெண், அழுது வீங்கிய முகத்தோடு வந்து உட்கார்ந்தாள்.

“எதை எடுக்கக் கூடாதும்மா? அதை முதல்ல சொல்லு” என்றேன்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். “அம்மா கேக்குற கேள்வி” என்றாள். பிறகு நான் ஒன்றும் சொல்லாமலே, சுடிதார்க் கையை மேலே சுருட்டிவிட்டு, முழங்கைவரை கையைத் திரைக்குப் பக்கத்தில் நீட்டினாள். “பச்சையை மட்டும் எடுங்க மாமா.”

படத்தில் கலைச்செல்விக்குப் பின்னால் பந்தல் கால் நட்ட சிமெண்டுத் தரை தெரிந்தது. அதைக் கணினிக்குக் காட்டினேன். மீதியை யாழினியின் கையைப் பார்த்துச் செய்தேன். பச்சை போகப் போக, நெற்றி, கன்னம், மேலுதட்டு மச்சம் என்று ஒவ்வொன்றாக வெளியே வந்தது. செந்தில் திரைக்குக் கிட்டக் குனிந்து பார்த்தார். கடைசியில், “அண்ணி அப்படியே இருக்காங்க சார். இப்படியே போடுங்க” என்றார். சொல்லிவிட்டு அவரும் உடைந்து அழுதார். படத்தை அங்கிருந்தே கடைக்கு அனுப்பினேன், அச்சடித்துக் கொண்டுவந்தார்கள், இரண்டரை மணிக்குத் தெருமுனையில் பேனர் ஏறியது.

கிளம்பும்போது யாழினி ஒரு பொருளைக் கொண்டுவந்து கொடுத்தாள். லேப் மூடியபோது கலைச்செல்வி எடுத்து வைத்திருந்த அந்தக் காலண்டர் அட்டைத் துண்டு. ஓரமெல்லாம் நைந்து, பிடித்துப் பிடித்துக் கட்டைவிரல் பட்ட இடம் மட்டும் கறுத்திருந்தது. எத்தனை மாப்பிள்ளைகள், எத்தனை பெண்கள், அந்த ஒரத்தநாட்டுப் பெரியப்பா உட்பட, பிடித்த அட்டை. அது இப்போது என் மேசையில் இருக்கிறது. இனி அதைக் கொண்டு நிறம் திருத்த முடியாது, அவ்வளவு அழுக்கு. அந்த அழுக்கைத் துடைக்கலாமா என்று கடையில் கேட்டார்கள். வேண்டாம் என்றேன். அது எடுக்கக் கூடாத நிறம்.