கூட்டணித் தலைகளும் என் ஃபிளெக்ஸ் கடையும்

ஃபிளெக்ஸ் அடிக்கிறவனுக்கு அரசியல் தெரிய வேண்டாம்; யார் தலைக்கு எத்தனை அங்குலம் என்று தெரிந்தால் போதும். சங்கரன்கோவிலில் பத்து வருஷமாக எனக்கு இதே பிழைப்பு. தேர்தல் என்றாலே தூக்கம் தொலைக்கும் என் சக டிசைனர்களே, உங்களிடம் புலம்பாமல் வேறு யாரிடம் புலம்புவேன்?

ஸ்கேலோடு வந்தவர்

பக்கத்துப் பேரூராட்சி ஒன்றில் தேர்தல். பெரிய கட்சிக்குச் செயலாளர் வெள்ளத்துரை. அவரோடு கூட்டணி வைத்த சின்னக் கட்சிக்குச் செயலாளர் மாடசாமி அண்ணாச்சி. கூட்டணி பேனரில் பெரிய கட்சித் தலைவர் நடுவில் மலை மாதிரி இருப்பார். மற்ற தலைவர்கள் ஓரமாக, சின்னச் சின்ன வட்டத்துக்குள். வார்டு பங்கீடு முடிந்த அன்று மாடசாமி அண்ணாச்சி பள்ளிக்கூட ஸ்கேலோடு வந்து, கம்ப்யூட்டர் திரையில் வைத்துத் தன் தலைவரை அளந்தார். திரையில் அளந்து பிரயோஜனமில்லை, அதை எப்படி வேண்டுமானாலும் இழுக்கலாம் என்று தலையில் அடித்துக்கொண்டேன். அவர் கேட்பதாக இல்லை.

"கேட்டது மூணு வார்டு, குடுத்தது ஒண்ணு. தலையவாது கொஞ்சம் தாராளமா வையும் வே."

காலி வட்டம்

அதே பேனரில் மூன்றாவதாக ஒரு கட்சியும் இருந்தது. காலையில் அவர்கள் தலைவர் படத்தை வைத்தேன். பத்து மணிக்கு வெள்ளத்துரை போன் போட்டு, "அவங்க போயிட்டாங்க, தூக்கும்" என்றார். தூக்கினேன். பன்னிரண்டு மணிக்குத் திரும்பி வந்துவிட்டார்களாம். வைத்தேன். நான் சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் மறுபடியும் கோபித்துக்கொண்டு போய்விட்டார்கள். அந்த வட்டத்தையே எடுத்துவிட்டு மற்றவர்களை நகர்த்தி வைக்கட்டுமா என்று வெள்ளத்துரையிடம் எரிச்சலில் கேட்டேன்.

"வட்டத்த அழிச்சிராதீரும். சாயங்காலத்துக்குள்ள எவனாவது வருவான்."

ப்ரூஃப் போன இடம்

ஓட்டு எண்ணி முடிந்தது. பதினைந்து உறுப்பினர்களில் வெள்ளத்துரை கட்சிக்கு அவரையும் அவர் மச்சானையும் சேர்த்து ஏழு, எதிர்த்தரப்புக்கு ஏழு. மிச்சம் ஒரே ஒருவர், மாடசாமி அண்ணாச்சியின் மனைவி பேச்சியம்மாள். உறுப்பினர்கள் கூடி ஓட்டுப் போடும் நாளில், காலையில் பேரூராட்சித் தலைவர் தேர்தலில் அவர் வெள்ளத்துரைக்குப் போடுவது, மத்தியானம் துணைத் தலைவர் தேர்தலில் வெள்ளத்துரை ஆட்கள் அவருக்குப் போடுவது என்று வாய்ப்பேச்சில் ஒப்பந்தம்.

இரண்டு நாள் முன்னதாகவே வெள்ளத்துரை நன்றி பேனருக்கு ஆர்டர் கொடுத்தார். தலைவர், அவர். துணைத் தலைவர், அவருடைய மச்சான்! தோற்ற கடுப்பில் எதிர்த்தரப்பு மத்தியானக் கூட்டத்துக்கே வராது, அப்போது பேச்சியம்மாளைக் கழற்றிவிடலாம் என்பது அவர் கணக்கு. நமக்கேன் வம்பு என்று டிசைனை முடித்து, சரிபார்ப்பதற்கான ப்ரூஃபை வெள்ளத்துரைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பப் போனேன். பிரசார நேரத்துப் பழக்கத்தில் கை கூட்டணி குரூப்பை அமுக்கிவிட்டது. பதறி அழிப்பதற்குள் பார்க்க வேண்டியவர் பார்த்துவிட்டார். ஒரு மணி நேரத்தில் பேச்சியம்மாள் பஸ் பிடித்துக் கடைக்கு வந்து, டிசைனைப் பெரிதாக்கிக் காட்டச் சொன்னார். அழவில்லை, சத்தம் போடவில்லை. மச்சான் படத்தைப் பார்த்துக்கொண்டே என்னிடம் கேட்டார்.

"அந்தப் பக்கமும் ஏழு பேருதான இருக்காங்க, அண்ணாச்சி?"

முன்கூட்டியே நன்றி

பேச்சியம்மாள் எழுத்தில் எதுவும் கேட்கவில்லை. துணைத் தலைவர் என்று தன் படம் போட்ட பேனரை முதல் நாளே பஸ் ஸ்டாண்டில் கட்ட வேண்டும், அதைப் பார்த்துவிட்டுத்தான் ஓட்டு என்று சொல்லிவிட்டார். வெள்ளத்துரை கடைக்கு வந்து என்னை அடிக்காத குறை. வேறு வழியில்லாமல் அவர் சொல்ல, மச்சானை வெட்டி எடுத்துவிட்டு அந்த இடத்தில் பேச்சியம்மாளை ஒட்டினேன். தேர்தலன்று காலையில் பேச்சியம்மாள் பேனரை நிமிர்ந்து பார்த்துவிட்டுத்தான் ஓட்டுப் போடப் போனார். மத்தியானம் துணைத் தலைவர் ஆனார். எனக்கு நிஜமாகவே சந்தோஷம். அடுத்த வாரம் கடைப்பக்கம் வந்தவரிடம், பத்திரத்தில் எழுதி வாங்கியிருக்கலாமே என்று கேட்டேன்.

"பத்திரத்தக் கிழிச்சா யாருக்குத் தெரியும் அண்ணாச்சி? பஸ் ஸ்டாண்டுல கட்டுன பேனரக் கிழிச்சா ஊரு கேக்கும்லா."

பதவியை அவர்கள் பங்கு போட்டுக்கொண்டார்கள். மச்சானின் வசவு மட்டும் இன்றுவரை கூட்டணி எதுவுமில்லாமல் எனக்கே முழுசாக வந்து சேருகிறது.